தவணை உதிரம், தவணையல்லா உதிரம்: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் ஒருசேரப் படித்தேன். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்ளும்போது, நாள் கணக்குக்கு அடங்காமல் வரும் உதிரப்போக்குக்கு, பெண்களுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. பல சொற்கள் வந்திருக்கின்றன. தனிச்சொல்லாகப் பார்த்தால் சில அழகாகவே உள்ளன. ஆனால் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது வரவேண்டிய உதிரமா, வரக்கூடாத உதிரமா?’ என்று குழம்பி நிற்கும் பெண்ணுக்கு அவற்றால் பயன் உண்டா என்று பார்த்தால், பெரும்பாலானவை தேறவில்லை. அந்தப் பெண்ணை முன்னிறுத்தியே இந்த மடலை எழுதுகிறேன்.

பொருளைத் தெளிவுபடுத்திக்கொண்டு சொல்லுக்குப் போவோம். கருப்பையின் உட்படலம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளர்கிறது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்துவந்தால் கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை 1975இல் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அதனால்தான் கருப்பை உள்ள பெண்களுக்கு உட்படலத்தைக் கட்டுக்குள் வைக்கும் புரோஜெஸ்டோஜனையும் சேர்த்துத் தருகிறார்கள். சேர்க்கும் விதம் இரண்டு. ஈஸ்ட்ரோஜனை நாள்தோறும் கொடுத்து, புரோஜெஸ்டோஜனை மாதத்தில் 10 முதல் 14 நாட்கள் மட்டும் கொடுப்பது ஒன்று; இதைச் ‘சுழல்முறை’ என்று எழுதுகிறேன். இரண்டையும் ஒரு நாளும் விடாமல் கொடுப்பது மற்றொன்று. முதல் விதத்தில், புரோஜெஸ்டோஜன் முடியும் தறுவாயிலோ முடிந்த சில நாட்களிலோ உட்படலம் கழன்று உதிரம் வரும். அது மருந்தே வரவழைக்கும் உதிரம். இரண்டாம் விதத்தில் உடல் பழகிய பிறகு உதிரமே வரக்கூடாது.

மாதவிடாய் இன்னும் முற்றாக நிற்காதவர்களுக்குப் பொதுவாக முதல் விதத்தையே தருகிறார்கள். அவர்களுடைய சூலகங்கள் ஓய்ந்துவிடவில்லை. ஒரு மாதம் அடங்கிக் கிடக்கும். மறுமாதம் தாமே ஈஸ்ட்ரோஜனை அள்ளிச் சுரக்கும். சில மாதங்களில் கருமுட்டையும் வெளிவரும். மருந்தின் கணக்கு ஒன்று, உடலின் கணக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாத மாதங்களில் உதிரம் இடையில் வந்துவிடுகிறது. மாத்திரை விடுபட்டாலும் வரும். புரோஜெஸ்டோஜன் அளவு போதாவிட்டாலும் வரும். இவற்றோடு மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு: கருப்பையில் சிறு சதை வளர்ச்சி, நார்க்கட்டி, தொற்று, கருப்பை வாய்க் கோளாறு, கருத்தரிப்பு, அரிதாகப் புற்றுநோய். கருத்தரிப்பை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

> ‘எதிர்பாரா உதிரப்போக்கு’ போதுமே. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எளிமைதான். ஆனால் பொருள் பிழைபடுகிறது. சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் இப்படி உதிரம் வருவது சகஜம் என்று மருத்துவரே முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறார். சொல்லி வைத்து வருவதை எதிர்பாராதது என்று எப்படி அழைப்பது? குறித்த நாளில் வராதது என்பது வேறு, எதிர்பாராதது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், தொடக்க மாதங்களில் நடப்பதையெல்லாம் ஆபத்தாக எண்ணிப் பெண்கள் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

> ‘முறையற்ற உதிரப்போக்கு’, ‘ஒழுங்கற்ற உதிரப்போக்கு’ ஆகியவை ஏற்கெனவே பாடநூல்களில் உள்ளனவே?

உள்ளன. ‘ஒழுங்கற்ற’ என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ‘முறையற்ற’ வேண்டாம். தமிழில் முறை என்பது அறத்தையும் சேர்த்தே குறிக்கிறது. ‘முறையற்ற’ என்று ஒன்றைச் சொன்னதும் கேட்பவர் மனத்தில் எழும் முதல் பொருள் நாள் தவறியது என்பதல்ல. சொல்லவே கூச்சப்படும் ஒன்றைப் பற்றிப் பேச வரும் பெண்ணின் தலையில் அந்தச் சுமையையும் ஏற்றக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> ‘ஹார்மோன் கோளாறு உதிரம்’ என்றால் காரணமும் சேர்ந்து வருகிறது.

அதுதான் சிக்கலே. காரணம் தெரிவதற்கு முன்பே பெயர் காரணத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் தேடமாட்டார்கள். பன்னாட்டு மகளிர் மருத்துவ, மகப்பேறியல் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் வெளியிட்ட வகைப்பாடு நமக்கு நல்ல வழிகாட்டி. ஆங்கில மருத்துவ நூல்களில் உதிரப்போக்கு வகைகளுக்கு நெடுங்காலம் புழங்கிய மெனோரேஜியா, மெட்ரோரேஜியா போன்ற சொற்களை, ஆளுக்கொரு பொருளில் பயன்படுகின்றன என்பதால் கைவிடச் சொன்னது. ‘செயல்பாட்டுக் கோளாறால் வரும் உதிரம்’ என்ற பொதுப்பெயரையும் ஒதுக்கியது. உதிரம் எப்போது வந்தது, எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு போனது என்பதை முதலில் எளிய சொற்களில் பதிவு செய்; காரணத்தைத் தேடிக் கண்டபின் தனியே எழுது என்பதே அதன் போக்கு. காரணங்களை ஒன்பது பிரிவாக அது வகுத்திருக்கிறது. மருந்தால் வருவது அவற்றுள் ஒன்றுதான். நம் சொல்லும் காலத்தை மட்டும் சொல்லட்டும்.

> பெரும்பாடு என்ற பழஞ்சொல்லை மீட்கலாமே?

மீட்கலாம், கட்டாயம் மீட்க வேண்டும். சித்த மருத்துவத்தில் மிகையான உதிரப்போக்குக்கு வழங்கிவரும் சொல் அது. அளவைச் சொல்லும் சொல் என்பதால் மிகை உதிரத்துக்கு அதை வைத்துக்கொள்வோம். நாள் மாறி ஒரு துளி வந்தாலும் அது நம் பேசுபொருள். அதைப் பெரும்பாடு என்று சொல்ல முடியாது. ‘பூப்பு’ என்பதையும் ஒருவர் எழுதியிருந்தார். தொல்காப்பியக் கற்பியலில் அது மாதந்தோறும் வருவதைக் குறித்தாலும், இன்று பூப்பு என்றால் முதல் முறையாக வயதுக்கு வருவது என்றே எல்லாரும் கொள்வர். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கான கையேட்டில் அது பொருந்தாது.

‘உடைத்தெழு உதிரம்’, ‘பின்வாங்கு உதிரம்’ ஆகிய இரண்டும் ஆங்கிலச் சொல்லை (breakthrough bleeding, withdrawal bleeding) பகுதி பகுதியாகப் பெயர்த்தவை. எது எதை உடைக்கிறது, யார் பின்வாங்குகிறார் என்று படிப்பவருக்கு விளங்காது. இவற்றைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

என் முன்மொழிவு இது. சுழற்சியின் இறுதியில் மருந்து வரவழைக்கும் உதிரத்துக்குத் ‘தவணை உதிரம்’. அந்த நாட்களுக்குப் புறம்பாக வரும் எல்லாவற்றுக்கும் ‘தவணையல்லா உதிரம்’.

தவணை என்பது முன்பே பேசி வைத்த கெடு. இங்கே அந்தக் கெடுவை வைப்பது மருந்து. இந்த ஒன்றுதான் என்னை இந்தச் சொல்லிடம் கொண்டுவந்து சேர்த்தது. இந்தப் பருவத்துப் பெண்ணுக்கு அவளுடைய சொந்த மாதவிடாயும் இடையிடையே வரக்கூடும். அது இயற்கையாக வந்ததுதானே, அதைப் போய்த் தவணையல்லாதது என்பதா என்று கேட்கலாம். ஆம், அப்படித்தான் குறிக்க வேண்டும். வெளியே வந்த உதிரத்தைப் பார்த்து, இது சூலகத்தின் வேலை, இது மருந்தின் வேலை என்று அவளால் பிரித்தறிய முடியாது. பிரித்தறியும் பொறுப்பும் அவளுடையது அல்ல. நாட்காட்டியைப் பார்த்து, மருந்து குறித்த நாளா இல்லையா என்று மட்டும் அவளால் சொல்ல முடியும். இரண்டு மருந்தையும் இடைவிடாமல் எடுப்பவருக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜனைச் சுரக்கும் கருப்பைச் சாதனம் வைத்திருப்பவருக்கும் தவணை என்பதே கிடையாது. ஆகவே அவர்களுக்கு வரும் உதிரம் அனைத்தும் தவணையல்லா உதிரமே. சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் நிற்கிறது.

தவணை என்றதும் கடனும் வட்டியும் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எழலாம். நினைவுக்கு வரட்டும்; நாள் குறித்தது என்ற பொருள் அதனால் இன்னும் உறுதிப்படவே செய்யும். தடுப்பூசியில் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று எழுதிப் பழகிவிட்டதால் மருத்துவ எழுத்துக்கும் இது புதிதல்ல. ‘தவணை தவறிய’, ‘தவணை மீறிய’ என்ற வடிவங்களை மட்டும் தவிர்த்துவிடுவோம். அவை கட்டத் தவறியவரைச் சுட்டும் தொடர்கள். குற்றம் சாட்டும் தொனி அவற்றில் உண்டு.

சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“சுழல்முறையில் மருந்து எடுப்பவருக்குச் சுழற்சியின் இறுதியில் தவணை உதிரம் வரும். சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களிலும், மருந்தையோ அளவையோ மாற்றியபின் மூன்று மாதங்களிலும் தவணையல்லா உதிரம் வருவது சாதாரணம். நாட்குறிப்பில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் பரிசோதனை தேவை. மிகையாகப் போனாலோ, பல நாட்கள் விடாமல் நீடித்தாலோ, உடலுறவுக்குப் பின் வந்தாலோ, உங்களுக்கு நீரிழிவு, மிகுந்த உடல் எடை, குடும்பத்தில் கருப்பை அல்லது பெருங்குடல் புற்றுநோய் இருந்தாலோ ஆறு மாதம் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். புரோஜெஸ்டோஜனை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடரக் கூடாது.”

நாட்குறிப்பில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘19ஆம் நாள். தவணையல்லா உதிரம், துளி அளவு. முந்தின இரவு மாத்திரை மறந்துவிட்டது.’ மருத்துவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி. ‘இந்த மாதம் இரண்டு முறை மாதவிடாய் வந்தது’ என்று மட்டும் சொன்னால் அவர் எதையும் முடிவு செய்ய இயலாது. மாத்திரை விடுபட்டதுதான் காரணம் என்றால் மருந்தை மாற்ற வேண்டியதே இல்லை. விடாமல் எடுத்தும் வருகிறது என்றால், புரோஜெஸ்டோஜன் அளவைக் கூட்டலாம், நாட்களை நீட்டலாம், வேறு வகைக்கோ கருப்பைச் சாதனத்துக்கோ மாறலாம், ஈஸ்ட்ரோஜனைக் குறைத்தும் பார்க்கலாம். எது வேண்டும் என்பதை அந்தக் குறிப்புதான் காட்டும்.

மேலே ‘சுழல்முறை’ என்று எழுதினேன். மருந்து கொடுக்கும் இரண்டு விதங்களையும் ஒரு மடலில் ‘தொடர்முறை’, ‘தொடர்ச்சிமுறை’ என்று பிரித்திருந்தார்கள். தயவுசெய்து இதை மாற்றுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் தொடர், விடாமல் வருவதும் தொடர் என்றால் யாரும் குழம்பிப்போவார்கள். இது வெறும் நடைப் பிரச்சினை அல்ல. தவணையல்லா உதிரத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது உட்படலத்தின் தடிப்பை அளக்கிறார்கள். பிரித்தானிய மெனோபாஸ் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, இரண்டையும் விடாமல் எடுப்பவருக்கு 4 மில்லிமீட்டர் வரையும், சுழல்முறையில் எடுப்பவருக்கு 7 மில்லிமீட்டர் வரையும் இயல்பு. பெயரில் ஓரிரு எழுத்து மாறினால் 6 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவு ஒருவருக்கு இயல்பாகவும் மற்றவருக்கு மேற்பரிசோதனைக்கு உரியதாகவும் படிக்கப்படும். ஆகவே ‘சுழல்முறை’, ‘இடைவிடாமுறை’ என்று முகம் மாறித் தெரியும் சொற்களாகவே இருக்கட்டும்.

மிகச் சிறிய அளவில், நாப்கின் தேவைப்படாத அளவில் வருவதற்குத் ‘துளியுதிரம்’ என்பதை ஏற்கிறேன். ‘கறை’ பேச்சில் உள்ள சொல்தான், ஆனால் களங்கம் என்ற பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது.

சிகிச்சையின் பெயரில் ‘ஹார்மோன் மாற்று’ வேண்டாம் என்றவருடன் உடன்படுகிறேன். சிறுநீரக மாற்று, மாற்று மருத்துவம் என்று அச்சொல் வேறு திசைகளில் போய்விட்டது. வெறும் ‘ஹார்மோன் சிகிச்சை’ என்றாலும் தகராறு உண்டு. மார்பகப் புற்றுநோயில் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துக்கும் அதே பெயரைத்தான் எழுதுகிறோம். முதல் முறை ‘ஈடுசெய் ஹார்மோன் சிகிச்சை’ என்று எழுதிவிட்டுப் பின்னர் சுருக்கிக்கொள்ளலாம்.

பருவத்தின் பெயருக்கு ‘சூழ்’, ‘முன்’ என்று முன்னொட்டுத் தேடத் தேவையில்லை என்பது என் கருத்து. ‘மாதவிடாய் நிற்கும் பருவம்’, ‘மாதவிடாய் நின்ற பருவம்’. நிற்கும், நின்ற என்ற காலமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் நின்றது என்று கொள்கிறார்கள். அதுவரை ‘நிற்கும்’ என்பதே சரி.

‘தவணையல்லா’ என்பது ஒலியில் நீளம் என்று யாருக்கேனும் பட்டால் ‘தவணையிலா’ என்பதையும் பரிசீலிக்கலாம். தவணையே இல்லாதவர் என்று அது திரிந்துவிடுமோ என்பதால் நான் முதலாவதையே விரும்புகிறேன். கையேடு அச்சுக்குப் போகும்முன் மகளிர் மருத்துவர்கள் இருவரேனும் இதைப் படித்துச் சொன்னால் நல்லது. மறுப்பு இருப்பவர்கள், சொல்லோடு கூடவே அந்தச் சொல் அமைந்த ஒரு கையேட்டு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.