கோர்-ஷெல்லுக்குத் தமிழ்: கருவா, காழா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை எம்.எஸ்சி. வகுப்பு. கோர்-ஷெல் நானோகம்பியின் (உள்ளே ஒரு பொருள், அதைச் சுற்றி வேறொரு பொருள் என்றிருக்கும் மிக நுண்ணிய கம்பி) காந்த நடத்தையைக் கணினியில் பாவித்துப் பார்ப்பது பாடம். பாதிப் பேர் தமிழ்வழியில் வந்த பிள்ளைகள். கம்பியைச் சில நானோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் காந்தத் திசையும் எப்படித் திரும்புகிறது என்று லாண்டாவ்–லிஃப்ஷிட்ஸ்–கில்பர்ட் சமன்பாட்டால் கணக்கிடுவது வரை எழுதிவிட்டேன். கோர்-ஷெல்லில் வந்து நிற்கிறேன். 'உள்ளகம்–உறை' சரியா?

களியக்காவிளையிலிருந்து:
உறை வேண்டாம் டீச்சர். தலையணை உறை மாதிரி கழற்றி மாட்டுவதா இது? சேரும் பரப்பில் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. கோபால்ட் துகளில் ஆக்சைடு படிந்திருந்ததால்தானே தயக்கக் கண்ணி (காந்தப் புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளையம், ஹிஸ்டெரிசிஸ் லூப்) ஒரு பக்கமாக நகர்ந்தது? 1956-இல் ஆய்வாளர்கள் மெய்க்கிள்ஜானும் பீனும் கண்டது அதுதான். 'கரு–ஓடு' என்று போடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து:
கரு என்றால் பையன் அணுக்கரு என்று எழுதிவைப்பான். தொல்காப்பியத்தின் மரபியல் பகுதியில் தொல்காப்பியர் வெளியே வயிரம் (தண்டின் கெட்டியான பகுதி) உள்ளதைப் புறக்காழ், உள்ளே உள்ளதை அகக்காழ் என்று பிரித்துவிட்டாரே! வன்காந்தம் (எளிதில் திசை மாறாதது) உள்ளே, மென்காந்தம் (எளிதில் மாறுவது) வெளியே என்றால் அகக்காழ்க் கம்பி. மாறியிருந்தால் புறக்காழ்க் கம்பி. இன்னொன்று: பொருநராற்றுப்படையில் இறைச்சி சுடும் இரும்புக் கம்பிக்கும் காழ் என்றே பெயர். ஆக, கம்பி என்ற சொல்லே தேவையில்லை.

நகரியிலிருந்து:
அப்போ 'அகக்காழ்க் காழ்' என்பீர்களா அண்ணே? தெலுங்கில் மரவயிரத்துக்குச் 'சேவ'. நம் சேகுதான் அது. சரி, அதை விடுங்கள். அந்தக் கோபால்ட் ஆக்சைடு எதிர்ஃபெர்ரோ காந்தம், அதாவது அடுத்தடுத்த அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்வது. அது வன்மையா, மென்மையா? உங்கள் பிரிப்பில் அதற்கு இடமே இல்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
மலையாளத்தில் வயிரத்துக்குக் 'காதல்' என்பார்கள். அதைக் கரும்பலகையில் எழுதினால் அன்றைக்கு வகுப்பு நடந்த மாதிரிதான். புறக்காழ் புரியவைப்பது சுலபம், ஜன்னலுக்கு வெளியே பனை நிற்கிறது. ஆனால் நகரிக்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 'உள்ளகம்–ஓடு' என்று போட்டுக்கொள்கிறேன். மூன்று பேருக்குச் சம்மதம்தானே?

செங்கோட்டையிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. ஓடு என்றால் கூரை ஓடு. வன்–மென் சோடிக்காவது காழ் இருக்கட்டும், அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

களியக்காவிளையிலிருந்து:
ஓடு இருக்கட்டும் ஐயா, தேங்காய்க்கும் ஓடுதானே. அப்புறம் டீச்சர், 'பாவித்து' என்று எழுதியிருக்கிறீர்கள். ஈழத்தில் அதற்குப் பயன்படுத்தி என்று பொருள். சிமுலேஷனுக்கு வேறு சொல் பார்க்க வேண்டாமா?