கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர்

குழு: வேதாரண்யம் வீடு

*டிசம்பர் 14*

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம். கயலுக்குப் பறவை பார்க்க வேண்டுமாம், பைனாகுலர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஒரு நாள் காலையில் கோடியக்கரை சரணாலயம் போகலாமா?

பெரியம்மா: வா தம்பி. வீட்டுக்கு வர நாள் பார்க்க வேண்டாம். பறவை பார்க்க மட்டும் இப்போது வராதே.

செந்தில்: ஏன் பெரியம்மா? டிசம்பர்தானே சீசன் என்கிறார்கள்?

பெரியம்மா: கார்த்திகை மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. உப்பளமும் கடலும் ஒன்றாகக் கிடக்கிறது.

பிரபு: நேற்று அகஸ்தியம்பள்ளி தாண்டி பைக்கில் போனேன். சாலைக்கு இரண்டு பக்கமும் தொடை அளவு தண்ணீர். போன வருஷம் பட்டது மறந்துவிட்டதா செந்தில்?

செந்தில்: எப்படி அண்ணா மறக்கும்? மேப் காட்டுகிறது என்று சொல்லி, வேன் ஓட்டியவர் உப்பள வரப்பில் ஏற்றிவிட்டார். பின் சக்கரம் பாதி உள்ளே. நான்கு மணி நேரம் நின்றோம். பார்த்த பறவை இரண்டு ஆள்காட்டி, ஒரு காக்கை. ஆள்காட்டியும் எங்களைத் திட்டத்தான் வந்தது.

வித்யா: குரங்கை விட்டுவிட்டீர்களே. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இட்லியை எல்லாம் தின்றுவிட்டு, தக்காளிச் சட்னியை மட்டும் நமக்கு வைத்துவிட்டுப் போனது.

தஞ்சாவூர் மாமா: 🙏 *பலமுறை பகிரப்பட்டது* 🙏 சைபீரியாவில் இருந்து பல்லாயிரம் மைல் பறந்து கோடியக்கரை வரும் பூநாரைகள்!! தமிழனாய் இருந்தால் பகிரவும்!!

கயல் (அம்மா போன்): தாத்தா, பூநாரை சைபீரியாவில் இருந்து வருவதில்லை. நம் நாட்டுப் பூநாரைகள் முக்கியமாகக் குஜராத்தில், கட்ச் ரண்ணில்தான் கூடு கட்டுகின்றன. சைபீரியாவில் வடக்குக் கோடியில் இருந்து வருவது கொசு உள்ளான்.

தஞ்சாவூர் மாமா: அதற்கு ஏனம்மா பூநாரைப் படம் போட்டிருக்கிறார்கள்?

கயல்: கொசு உள்ளானை யார் படம் போடுவார்கள்? சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். பெரும்பாலும் 30 கிராமுக்கும் குறைவு.

பெரியம்மா: ஒரு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனமடி. அதுவா அங்கிருந்து பறந்து வருகிறது?

கயல்: ஆமாம் பாட்டி. குஞ்சு பொரித்த அதே வருஷமே வரும்.

சுகன்யா (சிங்கப்பூர்): அம்மா, எப்போது வரலாம் என்பதைக் குழந்தைக்கு நீயே விளக்கிச் சொல்லேன். அப்பா சொல்வாரே, அந்தக் கால் கணக்கு.

பிரபு: அம்மாவுக்குத் தட்டச் சலிப்பு. அவர்கள் சொல்கிறார்கள், நான் தட்டுகிறேன்.

பெரியம்மா: (பிரபு தட்டுவது) கயல் கண்ணு, உன் பெரிய தாத்தா உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். சைக்கிளில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி சொருகியிருப்பார், பாத்தித் தண்ணீரை அளக்க. பறவைக்கும் அதே குச்சிதான். வெறும் சேறு என்றால் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும். கணுக்கால் அளவு என்றால் பவளக்காலி. அதற்குக் கொஞ்சம் உள்ளே நெடுங்கால் உள்ளான், மூக்கன். முழங்கால் அளவு என்றால் பூநாரை. அதற்கும் மேலே ஏறிவிட்டால் வாத்து மட்டும்தான் மிதக்கும். எந்தப் பறவையும் தன் கால் எட்டுகிற இடத்தில்தான் சாப்பிடும். நாள், நட்சத்திரம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஓரத்தில் சேறு, நடுவில் முழங்கால் என்று நிற்கும் பார், அன்றைக்குப் போனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தையில் அப்படி அமையும். மாசி, பங்குனிக்கு மேல் காய்ந்து வெள்ளையாகிவிடும்.

சுகன்யா: இங்கே சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் வேறு கணக்கு. கடல் ஏறும்போது வெளிச் சேறு மூழ்கிவிடும், பறவை எல்லாம் உள்ளே குளத்துக்கு வந்து ஒண்டி நிற்கும். அதனால் நாங்கள் ஓத அட்டவணை பார்த்துத்தான் கிளம்புவோம்.

பிரபு: நம் பக்கம் ஓதம் அவ்வளவு ஏறி இறங்காது அக்கா. மழையும் காற்றும்தான். வாடை பலமாக அடித்தால் சதுப்பில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், நேற்று சேறாக இருந்த இடம் இன்று குளம்.

செந்தில்: சரி, பொங்கலுக்கு வருகிறோம். லீவு கேட்டுவிடுகிறேன்.

கயல்: பொங்கல்தான் நல்லது அப்பா! பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015இல் இருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. 15 நிமிஷம் ஒரே இடத்தில் பார்த்து, பறவைப் பட்டியல் போடுகிற இபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும்.

தஞ்சாவூர் மாமா: அப்படியானால் நானும் வருகிறேன். திருத்துறைப்பூண்டியில் ரயில் ஏறி அகஸ்தியம்பள்ளியில் இறங்கிவிடுவேன். 2023இல் திரும்ப ஓட ஆரம்பித்ததில் இருந்து ஏற வேண்டும் என்று ஆசை. அக்கா, கொடுவா மீன் கிடைக்குமா?

பெரியம்மா: பறவை பார்க்க வருகிறாயா, மீன் பார்க்க வருகிறாயா?

*ஜனவரி 10*

பிரபு: 📷 தண்ணீர் நிலவரம். சாலை ஓரம் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. நடுவில் முழங்கால் இருக்கும். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதா? அது உப்பு இல்லை.

கயல்: பூநாரையா பெரியப்பா????

பிரபு: எண்ணவில்லை. நீ வந்து எண்ணு.

செந்தில்: எந்த நாள் போகலாம்? காணும் பொங்கல்?

பெரியம்மா: காணும் பொங்கல் அன்று கடற்கரை முழுக்க ஜனம். ஜனத்தைத்தான் எண்ணலாம். மாட்டுப் பொங்கல் விடியலில் போங்கள். பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், மாடு குளிப்பாட்ட ஆள் வேண்டும்.

வித்யா: அத்தை, இட்லி எடுத்து வரவா?

பெரியம்மா: வேண்டாம். வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு போனால் குரங்கு என்ன செய்யும்?

பெரியம்மா: பிரபு, அந்த வளையத்தைக் குழந்தைக்குப் படம் எடுத்துப் போடு.

பிரபு: 📷 இதுதான் கயல். அப்பா உப்பளத்தில் செத்துக் கிடந்த ஒரு உள்ளானின் காலில் இருந்து எடுத்தது. அலுமினியம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண்ணும், பம்பாய்க்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியதும் தெரியும்.

கயல்: பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து வளையம்! பறவை அறிஞர் சாலிம் அலி இருந்த இடம். எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, கோடியக்கரையில் பல வருஷமாகப் பறவைக்கு வளையம் போட்டிருக்கிறார்கள்.

பெரியம்மா: பார்த்திருக்கிறேன். பீகாரில் இருந்து பறவை பிடிக்கிறவர்கள் வருவார்கள். வலையில் பிடித்து, எடை போட்டு, வளையம் மாட்டி, கையை விரித்தால் பறந்துவிடும். பிடித்ததைக் குழம்பு வைக்காமல் விடுகிறார்களே என்று ஊரில் சிரிப்பார்கள். உன் தாத்தா எண்ணைக் குறித்துப் பம்பாய்க்குக் கார்டு போட்டார். பதில் வந்ததா என்று எனக்கு நினைவில்லை. வளையத்தை மட்டும் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

தஞ்சாவூர் மாமா: சரணாலயம் 1967இல் வந்தது. அதற்கு முன் அங்கே உள்ளான் வேட்டை சாதாரணம். நானே சின்ன வயதில் தின்றிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

கயல்: தாத்தா!!!

*மாட்டுப் பொங்கல்*

பிரபு: 5.40. கிளம்பிவிட்டோம். வேன் இல்லை, நம் கார்தான்.

செந்தில்: வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கியாயிற்று. இனிமேல் சிக்னல் எப்படி என்று தெரியவில்லை.

சுகன்யா: படம் போடுங்கள். இங்கே மணி எட்டேகால், ஆபீஸ் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சுகன்யா: யாராவது?

சுகன்யா: சரி, நான் ஆபீஸ் போகிறேன்.

வித்யா: மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி, இப்போதுதான் சிக்னல் வருகிறது. 📷📷📷📷 குதிரை முதலில். யாருடைய குதிரை என்று கேட்டேன், யாருடையதும் இல்லையாம். அப்புறம் வெளிமான், கொம்பு முறுக்கிக்கொண்டு ஒரு கிடா. அப்புறம்தான் தண்ணீர்.

தஞ்சாவூர் மாமா: ஓரத்திலேயே கொசு உள்ளான் கூட்டம். கோழிக்குஞ்சு நொய் பொறுக்குகிற மாதிரி, தலை நிமிராமல் கொத்திக்கொண்டே ஓடுகிறது. இதைத்தான் தின்றோமா என்று வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாய்க்குக் காணாது.

கயல்: அத்தை, பாட்டி சொன்னது அப்படியே இருந்தது! வரிசையாக! சேற்றில் கொசு உள்ளான், கொஞ்சம் உள்ளே சிவப்புக் காலோடு பவளக்காலி, அதற்கும் உள்ளே நெடுங்கால் உள்ளான், கடைசியில் பூநாரை. பள்ளிக்கூட அசெம்பிளியில் உயரப்படி நிற்கிற மாதிரி.

செந்தில்: அழுக்கு நிறத்தில் சில நாரைகள் தனியாக நின்றன. வேறு சாதி என்று நினைத்துப் படம் எடுத்தேன். 📷

கயல்: அதுவும் பூநாரைதான் அப்பா. இளசு. சாம்பலாகத்தான் இருக்கும், ரோஸ் நிறம் பிறவியில் வருவதில்லை. தண்ணீரில் இருக்கிற பாசியும் உப்புப் பூச்சியும் தின்று தின்று பல வருஷத்தில் ஏறும்.

வித்யா: அது தலையைக் கவிழ்த்துத் தின்பதை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, வெளியே விடுகிறது. நாம் டீ வடிகட்டுகிற மாதிரி, ஆனால் தலைகீழாக நின்றுகொண்டு.

பிரபு: கயல் ஒன்று கண்டுபிடித்தாளே, அதைச் சொல்.

கயல்: 📷 சேற்றில் வட்டம் வட்டமாக, தட்டைக் கவிழ்த்து எடுத்த மாதிரி. நடுவில் மேடு, சுற்றிப் பள்ளம். யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியப்பாதான் சொன்னார், பூநாரை தலையை நடுவில் வைத்துக்கொண்டு காலால் மிதித்து மிதித்துச் சுற்றி வருமாம். சேறு கலங்கினால் பூச்சி மேலே வரும். தண்ணீர் இறங்கியதும் அந்த மிதித்த தடம் அப்படியே நிற்கிறது. ஒரு பத்து வட்டம் இருந்தது. பறவை ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை.

பெரியம்மா: அதை நாங்கள் பூநாரைக் களம் என்போம், நெல் அடித்த களம் மாதிரி இருக்கும்.

செந்தில்: ஒரே ஒரு எரிச்சல். நான்கு பையன்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பூநாரையைப் பார்த்து ஓடினார்கள், பறக்க வைத்து வீடியோ எடுக்க. எல்லாம் எழும்பிப் போய்விட்டன. இறக்கை விரிந்தபோது கறுப்பும் ரோஸும் அழகாகத்தான் இருந்தது. அதை ரசிக்கவும் கஷ்டமாக இருந்தது.

கயல்: அழுகை வந்துவிட்டது எனக்கு. திரும்பப் போகிற நாளுக்கு அதுங்க இப்போது கொழுப்பு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை துரத்தும்போதும் சேர்த்ததைச் செலவழிக்கிறது.

பெரியம்மா: கஜா புயல் வந்த 2018இல் மானும் பறவையும் செத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். அந்தப் பையன்களைக் கூட்டி வா, நான் பேசுகிறேன்.

பிரபு: அம்மா பேசினால் அவர்களும் பறந்துவிடுவார்கள்.

கயல்: என் பட்டியல் ஏற்றியாயிற்று! 31 வகை. இரண்டு உள்ளான் என்னவென்று தெரியவில்லை, அதைச் சேர்க்கவில்லை.

தஞ்சாவூர் மாமா: தெரியாததைச் சேர்க்காமல் விட்டாயே, அதற்கே ஒரு கொடுவா வறுவல் உனக்கு.

*இரவு*

சுகன்யா: 📷 ஆபீஸ் முடிந்து நேராக சுங்கை பூலோ போனேன், பொறாமையில். இதோ, பவளக்காலி. 

பெரியம்மா: காலையில் இங்கே நின்றது சாயங்காலம் உன்னிடம் வந்துவிட்டதா?

கயல்: பாட்டி, அது வேற பவளக்காலி. அதன் வலசைப் பாதையே வேறு.

பெரியம்மா: தெரியும்டி. சும்மா கேட்டேன். அவள் பார்த்ததும் நாம் பார்த்ததும் ஒன்றாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று.

சுகன்யா: 🙂 அடுத்த வருஷம் நானும் வருகிறேன் அம்மா. எந்தத் தேதிக்கு டிக்கெட் போட?

பெரியம்மா: இப்போதே எப்படிச் சொல்வது? ஐப்பசி மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்துப் போடு.

சுகன்யா: அதற்குள் டிக்கெட் விலை இரண்டு மடங்காகும்.

பெரியம்மா: அது உன் பாடு. கயல், உன் செருப்பு ஒன்றைக் கழுவித் திண்ணையில் காய வைத்திருக்கிறேன். இன்னொன்று எங்கே?

கயல்: பூநாரைக் களத்தில் இருக்கு பாட்டி. கால் உள்ளே போனது, கால் மட்டும்தான் வெளியே வந்தது.