பறவை, வண்ணத்துப்பூச்சிக்காகச் செடி வேலி: எதை நடலாம்?

கவிதா (யீஷூன், சிங்கப்பூர்):
எங்கள் புளோக்குக்குப் பின்னால் வடிகாலை ஒட்டி நீளமாக ஒரு புல்தரை இருக்கிறது. அங்கே உள்ளூர்ச் செடிகளால் வேலி போட வசிப்போர் குழுவில் பேசியிருக்கிறோம். நகர மன்றமும் சரி என்றுவிட்டது. தொண்டூழியர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வெட்சியை மட்டும் வரிசையாக நட்டால் போதுமா?

செல்வம்:
வெட்சி இருக்கட்டும்மா, ஆனால் அது மட்டும் வேண்டாம். செண்டுடுக் என்ற புதர்ச்செடியைக் கட்டாயம் வையுங்கள். அதன் ஊதாப் பூவில் தேன் கிடையாது. கருவண்டு வந்து மகரந்தத் தாள்களைக் கட்டிப் பிடித்து, 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்றால் நன்றாகவே கேட்கும். பழம் வெடித்ததும் பூங்கொத்திக் குருவிகள் வந்துவிடும்.

சிம்போ ஆயர் என்ற பெரிய இலைப் புதரும் நல்ல செடி. முன்பெல்லாம் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கட்டியது அந்த இலையில்தான். ஆனால் ஆளுயரத்தைத் தாண்டி வளரும், பெரிய இலைகள் விழுந்தால் வடிகாலை அடைக்கும். அதனால் வடிகாலை விட்டுத் தள்ளி, ஓரத்தில் ஒன்றிரண்டு போதும்.

நடுவதற்கு முன்னால் புல் வெட்டும் குத்தகைக்காரரிடம் பேசிவிடுங்கள். இதுதான் முக்கியம். செண்டுடுக் கிளை நுனியில்தான் பூக்கும். மாதாமாதம் மெஷின் வைத்துச் சதுரமாக வெட்டினால் பூவும் இல்லை, பழமும் இல்லை, வெறும் பச்சைச் சுவர்தான். நன்றாக வேர் பிடித்த வரிசையை ஒரே காலையில் மொட்டையடித்ததைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

ரஹீமா:
ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சி வர வேண்டுமென்றால், அதன் புழுக்கள் தின்னும் அரிஸ்டலோக்கியா அக்குமினாட்டா கொடியைக் கம்பி வலையில் ஏற்றுங்கள். 2015ல் நடந்த வாக்கெடுப்பில் நம் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தது ரோஜா அழகியைத்தான். புழுக்கள் கொடியையே மொட்டையாக்கும், பயப்படாதீர்கள். வேர் நன்றாக இருந்தால் மறுபடி தளிர்க்கும். மருந்து மட்டும் அடிக்கவே கூடாது.

கவிதா:
நன்றி அண்ணா, அக்கா. செடி அடர்ந்தால் டெங்கி வரும் என்று மாடியில் ஒரு பாட்டி கவலைப்படுகிறார். என்ன சொல்ல?

செல்வம்:
தரையில் நட்ட செடியால் கொசு பெருகாது, தேங்கிய தண்ணீரில்தான் பெருகும் என்று சொல்லுங்கள். வாராவாரம் ஒருவர் குனிந்து பார்த்து, தண்ணீர் தேங்கிய காய்ந்த இலை, டப்பாவை எடுத்துவிட வேண்டும். பாட்டியையே கூப்பிடுங்கள், அவர் கண்ணுக்குத் தப்பாது. கன்று பிழைக்கும்வரை மழையில்லாத நாளில் காலையில் தண்ணீர் ஊற்ற யார் என்பதையும் இப்போதே பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.