லைன் கிராஸ் செய்தால் கத்துக்குட்டியாம்!

மூன்றாம்மணி:
நேற்று வேறொரு திரியில் ரீல்சுற்றி அருளியதை அப்படியே தருகிறேன்: "180 டிகிரி விதி நாடக மேடையிலிருந்து வந்தது. பார்வையாளர் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அதனால் கேமராவும் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். லைன் கிராஸ் செய்பவன் கத்துக்குட்டி."

லைன் என்பது பேசும் இருவரை இணைக்கும் கற்பனைக் கோடு, கேமரா அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால் லைன் கிராஸ். எதற்கெடுத்தாலும் எங்களைப் போன்ற மேடைக்காரன் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஜார்ஜ் மெலியேஸ் 1902-ல் 'நிலாப் பயணம்' படத்தை எடுத்தபோது கேமரா முன்வரிசைப் பார்வையாளர் மாதிரி ஆணியடித்த இடத்தில் நின்றது. அங்கே லைனும் இல்லை, தாண்டலும் இல்லை, ஏனென்றால் ஒரு காட்சிக்கு நடுவே வெட்டி வேறு கோணத்துக்குப் போகும் பழக்கமே அதில் இல்லை. வெட்ட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தலைவலி. இது முழுக்க முழுக்க எடிட்டர்கள் உண்டாக்கிய பிரச்சினை.

இன்னொன்று. 'தி ஷைனிங்' (1980) சிவப்புக் குளியலறைக் காட்சியில் ஸ்டான்லி குப்ரிக் பச்சையாக லைனைத் தாண்டுகிறார். அவரும் கத்துக்குட்டியா?

ரீல்சுற்றி:
நான் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன். குப்ரிக் விதிவிலக்கு. விதியைக் கற்றவன் மீறலாம், கல்லாதவன் மீறினால் பிழை.

மேசைக்கு இரண்டு பக்கமும் இருவர் பேசுகிறார்கள் என்று வையுங்கள். அவள் கேமராவுக்கு வலது லுக், அதாவது வலது பக்கம் பார்க்கிறாள்; அவன் இடது லுக். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை எடுக்கும் சஜஷன் இரண்டு, க்ளோசப் இரண்டு, வெட்டினால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அவனுடைய க்ளோசப்பை மட்டும் எதிர்ப்பக்கம் போய் எடுத்து வாருங்கள். இருவரும் வலது பக்கமே பார்ப்பார்கள். யாரோ மூன்றாவது ஆள் கதவருகே நிற்கிறான் என்று பார்ப்பவன் நினைப்பான். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்த வலி தெரியும்.

ஃப்ரேம்24:
அப்படியானால் பிழையா இல்லையா என்பது ஷாட்டைப் பொறுத்ததில்லை, டைட்டிலில் வரும் பெயரைப் பொறுத்தது. அருமையான இலக்கணம்.

குளியலறைக் காட்சியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பேசிக்கொள்ளும் இரண்டு பேரும் ஃப்ரேமில் நிற்கிறார்கள். ஒரு கட். அடுத்த ஷாட்டில் கேமரா நேர் எதிர்ப்பக்கம், இடப்புறம் நின்றவர் வலப்புறம் வந்துவிட்டார். பார்ப்பவனுக்கு ஒரு நொடி தலை சுற்றும். அந்தச் சுற்றல்தான் வேண்டியிருக்கிறது, அங்கே யார் யாரை ஆட்டுவிக்கிறார்கள் என்பதே புரண்டுகொண்டிருக்கிறது. அப்புறம் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு? 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பாருங்கள். லைன் என்ற ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ள மாட்டார். இரண்டு பேர் பேசினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போலவே வரும். யாரும் கதவருகே ஆளைத் தேடவில்லை.

ரீல்சுற்றி:
குளியலறைக் காட்சி லைன் கிராஸே இல்லை. கட்டுக்கு முன்னும் இருவர் ஃப்ரேமில், பின்னும் இருவர் ஃப்ரேமில். யார் எங்கே நிற்கிறார் என்பதில் குழப்பமே கிடையாது. தனித்தனி க்ளோசப்பில் லுக் மாறினால்தான் லைன் கிராஸ். இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நிழல்வால்:
சற்று முன் அது விதிவிலக்கு. இப்போது அது மீறலே இல்லை. மீறாததற்கு எதற்கு விதிவிலக்கு சார்?

புதுசு_07:
அண்ணே, ஒரு சந்தேகம். அந்த லைன் எங்கே இருக்கிறது? இரண்டு பேருக்கு நடுவில் என்றால், மூன்றாவது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் லைன் நகருமா?

ரீல்சுற்றி:
தம்பி, அடிப்படைக் கேள்விகளுக்குத் தனித் திரி இருக்கிறது. இங்கே குளியலறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நிழல்வால், சொல்லை வைத்து விளையாட வேண்டாம். குளியலறைக் காட்சி லைன் கிராஸ் இல்லை. லைன் கிராஸ் என்றே வைத்துக்கொண்டாலும் அது பிழை இல்லை. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

மூன்றாம்மணி:
மேடையிலிருந்து வந்த விதி என்றீர்களே, அதற்கு வாயே திறக்கவில்லை. வட்ட அரங்கில் நாடகம் போட்டிருக்கிறீர்களா? நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கும். எந்த நேரத்திலும் யாரோ ஒருவருக்கு முதுகுதான் தெரியும். அதற்காகத்தான் நடிகர் சும்மா ஒரு காரணம் கண்டுபிடித்து இடம் மாறிக்கொண்டே இருப்பார். அங்கே எங்கே உங்கள் ஒரே பக்கம்? ஒரு பக்கம் மட்டும் பார்வையாளருக்குத் திறந்த பெட்டி அரங்கிலேயே, ஆந்த்ரே ஆந்த்வான் பாரிஸில் 1887-ல் சுதந்திர அரங்கைத் தொடங்கி, நடிகர்களைப் பார்வையாளருக்கு முதுகு காட்டியே நடிக்க வைத்தார். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே நான்காவது சுவர் இருப்பதாக நினைத்து நடி என்று தெனி திதெரோ 1758-லேயே எழுதிவிட்டார். நாங்கள் எப்போதோ உடைத்துவிட்ட சட்டத்தை எங்கள் பெயரிலேயே விற்கிறீர்கள்.

ரீல்சுற்றி:
முதுகைக் காட்டி வசனம் பேசினால் கடைசி வரிசைக்கு என்ன கேட்கும்? அதையும் சொல்லுங்கள். மேடைக்காரர்கள் கேமரா முன்னால் வந்ததும் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கத்துவதன் ரகசியம் இப்போது புரிகிறது. க்ளோசப்பில் இமை அசைந்தால் போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் புருவத்தைக் கூரைக்கு ஏற்றிவிடுவீர்கள்.

மூன்றாம்மணி:
நடிப்பைப் பற்றி எடிட்டர் வகுப்பெடுக்கும் காலம். நடிகர் ஒரே மூச்சில் கட்டி எழுப்பிய உணர்ச்சியைப் பதினான்கு துண்டாக நறுக்குவது யார் ஐயா?

ஃப்ரேம்24:
நான் கேமராக்காரன், நடிப்புக்கு நான் வரவில்லை. விதி விதி என்று முழங்கும் ரீல்சுற்றி எடிட் செய்த குறும்படத்தை இங்கே பலரும் பார்த்திருக்கிறோம். இரண்டாவது நிமிடம், மொட்டைமாடிக் காட்சி. லுக் தப்பாக வந்த ஷாட்டைக் கண்ணாடி பிம்பம் மாதிரி அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். லுக் சரியாகிவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் நாயகனின் கைக்கடிகாரம் இடது கையிலிருந்து வலது கைக்குத் தாவிவிட்டது. சட்டைப்பையும் கூடவே இடம் மாறிவிட்டது. தலை வகிடும்.

ரீல்சுற்றி:
அந்தப் பாத்திரம் இடதுகைக்காரன்.

நிழல்வால்:
ஒரே ஒரு ஷாட்டுக்கு மட்டுமா? சட்டைப்பையும் இடதுகைக்காரனா?

ரீல்சுற்றி:
சரி, பேசிவிடலாம். அந்தக் காட்சியில் நடுவே செருக இன்சர்ட் ஷாட் ஒன்று எடுங்கள், கையோ கோப்பையோ எதைத் தனியாகக் காட்டினாலும் போதும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வெளிச்சம் போகிறது என்று பேக்கப் சொல்லிவிட்டார்கள். லைனைத் தாண்ட ஆயிரம் நல்ல வழி இருக்கிறது. ட்ராலியில் கேமராவை ஓட்டி, கட் இல்லாமல் அந்தப் பக்கம் கொண்டுபோகலாம், பார்ப்பவனும் கூடவே வந்துவிடுவான். லைன் மேலேயே கேமராவை வைத்து நேருக்கு நேராக ஒரு ஷாட் எடுக்கலாம், அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போனாலும் உறுத்தாது. நடிகரையே ஃப்ரேமுக்குள் நடக்கவிட்டு இடம் மாற்றலாம். எதுவும் இல்லையென்றால் நடுவே ஓர் இன்சர்ட். இதில் ஒன்றைக்கூட எடுத்துத் தராமல் பெட்டியைக் கொடுத்துவிட்டு எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றால், எடிட்டர் பார்த்துக்கொண்டார். அந்தப் படத்தின் கேமராமேன் யார் என்று ஃப்ரேம்24 சொல்வாரா?

ஃப்ரேம்24:
திரைக்குப் பின்னால் நடந்ததைச் சந்திக்கு இழுக்காதீர்கள். நான் எடுத்த ஷாட்டில் கடிகாரம் இடது கையில்தான் இருந்தது.

விஷயத்துக்கு வாருங்கள். 'ஸ்டேஜ்கோச்' (1939) துரத்தல் காட்சி. வண்டி ஒரு ஷாட்டில் இடமிருந்து வலம் ஓடுகிறது, இன்னொன்றில் வலமிருந்து இடம். ஜான் ஃபோர்டு. வண்டி திரும்பி வருகிறது என்று எவனாவது எழுந்து போனானா? பரந்த வெளியில் ஒரே ஒரு வண்டி, துரத்துபவர்கள் பின்னால். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெளிவாக இருந்தால் திசை இரண்டாம்பட்சம்.

ரீல்சுற்றி:
குதிரைக்கு லுக் கிடையாது. இரண்டு மனிதர்கள் பேசுவதைப் பற்றிப் பேசுகிறோம். குளியலறையில் குதிரை இருந்ததா? இல்லை. குளியலறைக் காட்சி லைன் கிராஸ் இல்லை. ஃபோர்டும் விதிவிலக்கு, ஓசுவும் விதிவிலக்கு.

நிழல்வால்:
குப்ரிக், ஓசு, ஃபோர்டு. விதிவிலக்குகளே ஒரு திரைப்படக் கழகம் தொடங்கலாம் போலிருக்கிறது. விதிக்குள் இருப்பவர் யார், நீங்களும் அந்தக் கைக்கடிகாரமுமா?

புதுசு_07:
அண்ணே, அந்த மூன்றாவது ஆள்...

மூன்றாம்மணி:
நான் சொல்கிறேன் தம்பி. பேசுகிற ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு லைன் இருக்கும். அவள் புதிதாக வந்தவன் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினால் லைன் அந்த இருவருக்கும் நடுவே மாறும். அவள் திரும்புவதை ஒரு ஷாட்டில் காட்டிவிட்டால் கேமரா புதுப் பக்கத்துக்குப் போய்விடலாம். மேடையில் நாங்கள் இதை நடிகரின் உடம்பாலேயே செய்கிறோம், ட்ராலி கேட்பதில்லை.

ரீல்சுற்றி:
பாதி தப்பு. முதலில் காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஷாட்டில் மூவரையும் நிறுத்தாமல் லைனை மாற்றினால் குழப்பம்தான் வரும். தம்பி, இவர் சொல்வதைக் கேட்டு ஷூட்டிங் போய்விடாதீர்கள்.

மூன்றாம்மணி:
அடிப்படைக் கேள்விக்குத் தனித் திரி இருக்கிறது என்றீர்களே, இப்போது எப்படி வாய் வந்தது?

ரீல்சுற்றி:
தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நாளை குளியலறைக் காட்சியை ஷாட் ஷாட்டாக எண் போட்டு ஏற்றுகிறேன்.

ஃப்ரேம்24:
கூடவே மொட்டைமாடி ஷாட்டையும் ஏற்றுங்கள், திருப்புவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ரீல்சுற்றி:
உங்கள் ஃபோகஸ் போன ஷாட்டுகளையும் சேர்த்தே ஏற்றுகிறேன், ஆசை தீரப் பாருங்கள். ஓசுவுக்குத் தனித் திரி போடப்போகிறேன். அங்கே முழுப்படம் பார்த்தவர்கள் மட்டும் வரலாம், மேடைக்காரர்களுக்கு அனுமதி இல்லை.

மூன்றாம்மணி:
முதல் பதிவே என்னுடையதாகத்தான் இருக்கும்.