சப்ஸ்டார்ம்: துணைப்புயலா, குறும்புயலா?

நண்பர்களே, வணக்கம்.

புவியின் காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் திடீரென வெடித்துத் துருவ ஒளியைக் கிளப்பும் நிகழ்வை ஆங்கிலத்தில் ‘சப்ஸ்டார்ம்’ (substorm) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘துணைப்புயல்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். சொல் நன்றாக ஒலிக்கிறது, ஆனால் பொருள் இடிக்கிறது. துணைவேந்தர், துணைக்கோள், துணையாறு என எங்கு வந்தாலும் ‘துணை’ இன்னொன்றைச் சார்ந்தே நிற்கும். ஆங்கிலப் பெயரிலும் இதே எண்ணம்தான். புவியின் காந்தப்புலத்தையே கலக்கும் காந்தப்புயலின் ஓர் உறுப்பு என்று கருதித்தான் ‘சப்’ ஒட்டிக்கொண்டது. காந்தப்புயலே இல்லாத நாட்களிலும் இது வருகிறதே! அந்தச் சுமையைத் தமிழும் ஏன் தூக்க வேண்டும்?

சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், பகல் பக்கத்தில் வடக்கு நோக்கியிருக்கும் புவிப்புலத்துடன் மறுஇணைப்பு நடக்கிறது, அதாவது இரண்டின் புலக்கோடுகளும் அறுந்து புதிதாக இணைகின்றன. அதனால் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டு கிடக்கும் புவிப்புலத்தில், அதாவது காந்தவாலில், ஆற்றல் ஏறுகிறது. அரை மணி, ஒரு மணி நேரம் வால் இழுபட்டு இழுபட்டு, அதன் நடுவில் மின்னோட்டம் தகடுபோல் பரவி ஓடும் பகுதி, அதாவது மின்னோட்டத் தகடு, மெலிகிறது. அப்புறம் வாலிலும் மறுஇணைப்பு வெடிக்கிறது. கீழே நின்று பார்ப்பவருக்கு, கிழக்கு மேற்காக அமைதியாகக் கிடந்த துருவ ஒளியின் வில் சட்டென்று பளிச்சிடும். நெளிந்து உடைந்து துருவத்தை நோக்கிப் பாயும். விண்வெளி இயற்பியலாளர் அகசோஃபு 1964இல் படிப்படியாக விவரித்தது இந்தக் காட்சியைத்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். காந்தப்புயலோ நாட்கணக்கில் நீடிக்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘குறும்புயல்’. குறும்படம் பெரிய படத்திலிருந்து வெட்டிய துண்டு அல்ல. அதற்கென்று தொடக்கமும் முடிவும் உண்டு. இதுவும் அப்படித்தான். வாசிக்கும்போது ‘குறும்பு’ என்று கண் தடுக்கலாம். ‘காந்தக் குறும்புயல்’ என்று அடையோடு எழுதினால் அந்தத் தடுமாற்றம் குறையும். அதன் கட்டங்களுக்கு வளர்கட்டம் (ஆற்றல் ஏறுவது), விரிகட்டம் (வெடித்துப் பாய்வது), மீள்கட்டம் (அடங்குவது) போதும்.

வெடிப்பைத் தொடக்கிவிடும் ‘ட்ரிகர்’ (trigger) என்பதற்குத்தான் இன்னும் நல்ல சொல் வேண்டும். ‘தூண்டல்’ வேண்டாம். மின்காந்தத் தூண்டல் ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துவிட்டது, இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் மாணவர் குழம்பிப்போவார். ‘உசுப்பல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். தெற்கு நோக்கிய புலம் ஆற்றலை ஏற்றுகிறது. அந்தப் புலம் திடீரென வடக்கே திரும்புவது சில நேரம் குறும்புயலை உசுப்பிவிடுகிறது. வெளியிலிருந்து எந்த உசுப்பலும் தெரியாமலே வெடிப்பவையும் பல. அவற்றைத் ‘தன்னெழு குறும்புயல்’ எனலாம். ஏற்றுவது வேறு, உசுப்புவது வேறு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சரி, ‘உசுப்பல்’ பாடநூலுக்குப் பேச்சுவழக்காகத் தோன்றுமா? தோன்றினால் வேறு சொல் தாருங்கள், ‘தூண்டல்’ மட்டும் தவிர.