1:18 டிலோரியன்: டயர் ஸ்டாண்டில் ஒட்டிக்கிச்சு

பொள்ளாச்சி_டைகாஸ்ட்: ஏனுங்க, ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்து டைம் மெஷின் டிலோரியன் காரோட 1:18 அளவு மாடல், அதன் டயர் அக்ரிலிக் ஸ்டாண்டில் ஒட்டி, எடுத்தால் கறை. எப்படிப் போக்குறது? இன்னொண்ணு, விலைக்கு வந்த கார்கி கம்பெனி பொம்மைக் கார், மாடல் எண் 261, ஜேம்ஸ் பாண்டோட ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, தங்க நிறம். பாண்ட் படத்தில் வெள்ளிதானே, பெயிண்ட் மாத்துனதுங்களா?

சிங்கை_ஸ்கேல்: டயர் மெது பிவிசி. அதை மெதுவாக்கச் சேர்க்குற பிளாஸ்டிசைசர்ங்கிற ரசாயனம் கசிந்து அக்ரிலிக்கை இளக்கும். சித்திரை வெயிலில் வேகம் கூடும். தின்னர், ஸ்பிரிட் தொடாதீங்க, மயிரிழை விரிசல் விழும். வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்துத் துணி. அப்புறமும் தெரிஞ்சா கறையல்ல, பள்ளம். பிளாஸ்டிக் பாலிஷ்தான் வழி. இனி சேஸிஸுக்கு (காரின் அடிச்சட்டம்) அடியில் அக்ரிலிக் துண்டு கொடுத்து, டயரை 1 மி.மீ. தூக்கி வையுங்க.

ஈரோடு_43: தங்கம்தான் ஒரிஜினலுங்க. 1965-ல் வெள்ளி அடிச்சா பெயிண்ட் அடிக்காத துத்தநாகமாத் தெரியும்னு கார்கி தங்கத்தைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளி வேணும்னா 1968-ல் வந்த கார்கி மாடல் எண் 270. நிறத்தை விடுங்க, எஜெக்டர் சீட், பின் கவசம், முன் துப்பாக்கி மூணும் இயங்குதா பாருங்க. சீட்டிலிருந்து பறக்கும் குட்டி வில்லன் பெரும்பாலும் தொலைஞ்சிருப்பான், அவனில்லாட்டி விலையைக் குறைச்சுக் கேளுங்க.

பொள்ளாச்சி_டைகாஸ்ட்: துண்டுக்குப் பதிலா ரப்பர் ஷீட் ஆகாதுங்களா?

சிங்கை_ஸ்கேல்: ஆகாதுங்க, அதுவும் ஒட்டும். ஷோகேஸில் அந்துருண்டை இருந்தா அதையும் எடுத்துருங்க, அதிலிருந்து வர்ற நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரின்ங்கிற பிளாஸ்டிக் பாகத்தை இளக்கும். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போதும்.