மறு: வைப்ரன்ஸ், சாச்சுரேஷன் – தனித்தனிச் சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். படம் திருத்தும் மென்பொருளில் நிறத்தைக் கூட்டக் குறைக்க உதவும் வைப்ரன்ஸ், சாச்சுரேஷன் என்ற இரண்டு கருவிகளுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதில் ஒருவர் கேட்டிருந்தார்:

> இரண்டுமே நிறத்தைக் கூட்டுபவைதானே? 'நிறப்பொலிவு' என்று ஒரே சொல் போதாதா?

போதாது ஐயா. புதுச்சேரியில் படம் எடுக்கப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்கள் தடுமாறும் இடமே இதுதான்.

கடலூர் துறைமுகத்தில் காலையில் எடுத்த ஒரு படம். சிவப்புப் புடவை கட்டிய அம்மா மீன்கூடையோடு நிற்கிறார். பின்னால் சாயம் வெளுத்த நீலப் படகு, வெளிறிய வானம். சாச்சுரேஷனை ஏற்றினால் எல்லா நிறமும் சேர்ந்தே ஏறும். முகம் ஆரஞ்சாகும். ஏற்கெனவே அழுத்தமான சிவப்பு, எட்டு பிட் படத்தில் (ஒவ்வொரு அடிப்படை நிறமும் 0 முதல் 255 வரையான எண்ணாகப் பதிவாகும் படம்) உச்சமான 255-இல் போய் முட்டும். புடவையின் மடிப்பும் நெசவும் போய் ஒரே சிவப்பாக அப்பிக்கொள்ளும். வைப்ரன்ஸை ஏற்றிப் பாருங்கள்: படகும் வானமும்தான் முதலில் எழும். புடவை கொஞ்சமே மாறும், தோல் நிறத்தை மென்பொருள் கூடியவரை காப்பாற்றும்.

இந்த வேலைக்கு 'நிறத்துலக்கம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். பாத்திரம் துலக்குகிறவர்கள் மங்கிய இடத்தில்தான் அழுத்தித் தேய்ப்பார்கள். பளிச்சென்று இருக்கும் இடத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போவார்கள். வைப்ரன்ஸ் செய்வதும் அதுதான். வினையாகவும் புழங்க வரும்: நிறத்தைத் துலக்கு, துலக்கிய படம், துலக்கம் கூடிப்போச்சு. ஒருவர் எழுதிய 'நிற அதிர்வு' வேண்டவே வேண்டாம். படம் ஆடிப்போனது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சாச்சுரேஷனுக்கு 'நிறச்செறிவு'. வேதியியல் பாடத்தில் தெவிட்டிய கரைசல் என்று படித்திருக்கிறோம், அதனால் 'நிறத்தெவிட்டல்' என்று கேட்டவரின் நியாயம் புரிகிறது. ஆனால் அங்கே தெவிட்டல் என்பது இனி கரையாது என்ற எல்லை. இங்கே நாம் கேட்பது கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் அளவு. 'செறிவைக் குறை' என்றால் யாருக்கும் விளங்கும்.

துலக்கத்தைத் தெளிவோடு குழப்பிக்கொள்வார்கள் என்ற அச்சம் சரியானதே. அதனால் படத்தின் விவரங்களை எடுப்பாகக் காட்டும் கிளாரிட்டி என்ற கருவிக்குத் 'தெளிவு' என்பதை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

அப்புறம், எக்ஸ்போஷர், அதாவது படம் எடுக்கும்போது கேமராவில் விழும் ஒளியின் அளவு. இதற்கு 'ஒளிபடுகை' போதும். 'வெளிப்பாடு' முகபாவத்துக்கும் கருத்துக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல்லை விளக்கும்போது ஒன்றை விடாமல் சேர்க்க வேண்டும்: நிறம் முதலில் கேமராவில்தான் அமைகிறது. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் நிழல் விழுந்த ஒரு தெரு, நடுவே வெயில் பட்ட மஞ்சள் சுவர். கேமரா நிழலைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், சுவர் வெளுத்துப்போகும். ஒளிபடுகையை ஒரு ஸ்டாப் (ஒளியை அளக்கும் ஒரு படி) குறைத்தால் உள்ளே வரும் ஒளி பாதியாகும். மஞ்சள் அடர்த்தியாகத் திரும்பி வரும், காரை உதிர்ந்த தடம்கூடத் தெரியும். வெளுத்தே பதிவான சுவரில் துலக்குவதற்கு நிறமே இல்லை. நிழலைப் பிறகு கணினியில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் இன்னும் நன்றாக வரும்.

மேலே சொன்னேனே, 255-இல் முட்டி விவரம் போவது, கிளிப்பிங், அதற்கு நம்மிடம் இன்னும் சொல் இல்லை. எனக்கு 'உச்சமுட்டல்' தோன்றுகிறது, ஆனால் நாவில் இடறுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?